செந்தில் என்கிற பெயர் எங்கிருந்து வந்தது? இப்போது ஏன் அவ்வளவாக வைப்பதில்லை?

கரிசல்காடு:
ரொம்ப நாளாக மனதில் இருக்கிற கேள்வி. எங்கள் அலுவலகத்தில் நாற்பதைத் தாண்டியவர்களில் நாலைந்து செந்தில் இருக்கிறார்கள். ‘அக்கவுண்ட்ஸ் செந்தில்’, ‘மாடி செந்தில்’ என்று அடைமொழி போட்டுத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் என் பையன் வகுப்பில் ஒரு செந்தில்கூடக் கிடையாது, பக்கத்து வகுப்பிலும் இல்லை. ஒரு தலைமுறையில் இப்படி மாறிவிட்டதே என்று யோசிக்கும்போதுதான் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது என்று உறைத்தது. கேட்டால் ஒருவர் முருகன் பேர் என்கிறார், ஒருவர் சிவப்பு என்கிறார், இன்னொருவர் ஜெயந்தி என்கிற வடசொல்லிலிருந்து வந்தது என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். பெயர் வைத்த காரணம், உங்கள் ஊரில் எந்த வடிவத்தில் வழங்குகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

உடன்குடிக்காரன்:
முதலில் ஒன்று. செந்தில் என்பது சாமி பெயர் இல்லை, ஊர்ப் பெயர். எங்கள் பக்கத்து ஊர், திருச்செந்தூர்தான். பழனி, சிதம்பரம், அருணாசலம், ஏகாம்பரம், காசி என்று ஆளுக்கு ஊர்ப் பெயரோ கோயில் பெயரோ வைப்பது நம்மிடம் எப்போதும் உள்ளது, அந்த வரிசையில் வருகிற பெயர் இது. ஆனால் பழனி என்றால் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் வரும், செந்தில் என்றால் ஆள் ஞாபகம்தான் வருகிறது. ஊரைச் செந்தூர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ரயிலுக்கும் செந்தூர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பேர். அதனால் பழைய பெயர் மனிதர்கள்மேல் மட்டும் தங்கிவிட்டது.

எங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் வெறும் செந்திலைவிட செந்தூர்பாண்டி, செந்தில் ஆறுமுகம், செந்தில்வேல், செந்திலாண்டவன் இவைதான் பழைய ஆட்களிடம் அதிகம். பெண்களுக்கு செந்தில்வடிவு. குழந்தை தங்காத வீட்டில் செந்தூரானுக்கு நேர்ந்துகொண்டு, பிறந்தபின் அங்கே முடி இறக்கி, பன்னீர் இலை விபூதி வாங்கிப் பூசி இந்தப் பெயரை வைப்பார்கள். அந்த இலை விபூதியை வீட்டுக்குக் கொண்டுவந்து இலையோடு பீரோவில் வைத்திருப்பார்கள், காய்ந்து சருகாகிப்போனாலும் எடுத்துப் போட மாட்டார்கள்.

சிவப்பு என்று சொல்பவர்களைத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் ஊரைச் சுற்றி இருக்கிற தேரிக்காட்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். குதிரைமொழித் தேரியில் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் செக்கச்சேவேல் என்று மணல்தான், நடுவில் பனையும் முந்திரியும். காற்றடிக்கிற மாதத்தில் மேடு இடம் மாறும். செம்மண் ஊருக்குச் செந்தில் என்று பேர் வராமல் வேறு என்ன வரும் என்பது எங்கள் பக்கத்து எண்ணம்.

ஏட்டுப்பிரதி:
உடன்குடிக்காரர் ஊர்ப் பெயர் என்று சொன்னது மிகச் சரி. அதற்கு இலக்கியச் சான்றும் இருக்கிறது. புறநானூறு 55ஆம் பாட்டு, மதுரை மருதன் இளநாகனார் பாடியது, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்கிற பாண்டியனை வாழ்த்துகிறார். அதன் கடைசியில் வருகிறது: “வெண்தலைப் புணரி அலைக்கும் செந்தில் / நெடுவேள் நிலைஇய காமர் வியன்துறை”. வெள்ளை நுரைத் தலையோடு அலை வந்து மோதுகிற செந்திலில் நெடுவேள் நிலைகொண்ட அழகிய அகன்ற துறை. அந்தத் துறையில் கடுங்காற்று குவித்துவைத்த மணலைவிட அதிக ஆண்டுகள் நீ வாழ வேண்டும் என்பது வாழ்த்து. தேரி மணலைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு இந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. கிட்டத்தட்ட 2000 வருடத்துக்கு முன்னால் ஒரு புலவர் அதே கரையைப் பார்த்து அதே காற்றையும் மணலையும் சொல்லியிருக்கிறார் (இவர் சொல்வது கடற்கரை மணல், தேரி சற்று உள்ளே தள்ளி இருக்கிறது, இருந்தாலும் குவித்தது காற்றுதானே).

அடுத்து சிலப்பதிகாரம், குன்றக்குரவை: “சீர்கெழு செந்திலும் செங்கோடும் வெண்குன்றும் ஏரகமும் நீங்கா இறைவன்”. இங்கேயும் செந்தில் என்றால் இடம்தான். திருமுருகாற்றுப்படையில் இதே தலம் அலைவாய் என்று வருகிறது. அதாவது ஒரே ஊருக்கு இரண்டு பெயர், அலைவாய், செந்தில் இரண்டும் அப்போதே வழக்கில் இருந்தவை. அப்புறம் 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் வருகிறார். “கயிலைமலை யனைய செந்திற் பதிவாழ்வே” என்று அவர் பாடும்போதும் செந்தில் பதிதான், அதாவது ஊர்தான், வாழ்வது முருகன். செந்தில் என்றாலே முருகன், பிறகு செந்தில் என்றாலே ஒரு மனிதன் என்கிற நகர்வு இப்படிப்பட்ட பாட்டுகள் வீட்டுக்கு வீடு பாடப்பட்டதால் நடந்தது என்பது என் கணிப்பு.

இனி ஜெயந்தி. சூரபத்மனை வென்ற இடம், ஆகவே ஜெயந்திபுரம், அது செயந்தி ஆகி, செந்தி ஆகி, செந்தில் ஆனது என்பார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய வடிவமே லகர ஒற்றோடு செந்தில் என்று இருக்கிறது, ஜெயந்தியிலிருந்து வந்திருந்தால் கடைசி ல் எங்கிருந்து முளைத்தது? செந்து என்றால் உயிர், இல் என்றால் இருப்பிடம், உயிர்கள் சென்று அடங்கும் இடம் என்று இன்னொரு விளக்கமும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் செந்துவே ஜந்து என்கிற வடசொல்லின் தமிழ் வடிவம். பின்னால் வந்த பக்தர்கள் அன்போடு சொன்ன விளக்கம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். செம்மை என்கிற அடியிலிருந்து கிளைத்த இடப்பெயர் என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது.

சஷ்டிவிரதம்:
ஏட்டுப்பிரதி ஐயா, ரொம்ப நல்ல பதிவு, ஆனால் ஜெயந்தியை அவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள். திருச்செந்தூரில் உற்சவர் நாலு பேர்: சண்முகர், ஜெயந்திநாதர், குமரவிடங்கர், அலைவாய்ப்பெருமாள். கந்தசஷ்டி ஆறாம் நாள் கடற்கரையில் சூரசம்ஹாரம் செய்யப் புறப்படுகிறவர் ஜெயந்திநாதர்தான். அந்தக் கூட்டத்தில் மணலில் உட்கார்ந்து ஆறு நாள் விரதம் இருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வெற்றிப் பெயர். பிள்ளைக்கு செந்தில் என்று வைக்கிற அம்மா ல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை, என் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறாள். ஒரு பெயருக்கு அது பிறந்த கதை ஒன்று, அதை வைக்கிறவர்கள் மனதில் இருக்கிற கதை இன்னொன்று. இரண்டாவதுக்கும் மதிப்பு உண்டு.

ஏட்டுப்பிரதி:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஜெயந்திநாதரும் அலைவாய்ப்பெருமாளும் ஒரே கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் எழுந்தருளியிருக்கிறார்கள். வடமொழிக் கதையும் சங்கப் பெயரும் அங்கே சேர்ந்தே வாழ்கின்றன. நான் சொன்னது சொல்லின் வேர் பற்றி மட்டும்.

கோயில் பழமைக்கு இன்னொன்று: 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் இந்தக் கோயிலுக்கு 1400 பொற்காசு கொடுத்து, அதைப் பல ஊர்ச் சபைகளிடம் முதலாக வைத்து, வட்டியிலிருந்து பூசைச் செலவை நடத்தச் சொன்ன கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. எந்த ஊர் எவ்வளவு முதல் வாங்கியது, வருடத்துக்கு எவ்வளவு அளக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள்.

மூன்றெழுத்துக்காரன்:
நானும் ஒரு செந்தில். சரியாகச் சொன்னால் சான்றிதழில் செந்தில்குமார், வீட்டிலும் தெருவிலும் செந்தில். என் வயசு செந்தில்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேருக்கு இந்தக் குமார் ஒட்டியிருக்கும். ரமேஷ்குமார், சுரேஷ்குமார், சதீஷ்குமார் என்று குமார் அலை அடித்த காலத்தில் செந்திலுக்கும் அது வந்து ஒட்டிக்கொண்டது. குமாரன் முருகன்தானே, அதனால் செந்தில்குமார் என்றால் செந்தில் ஊர் முருகன் என்று பொருள் கூடிவரும், அது தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்படி யோசித்து வைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன், தனியாகச் செந்தில் என்று விட்டால் குட்டையாகத் தெரிந்திருக்கும் அவ்வளவுதான்.

பெயர் குறைந்ததற்கு என் அனுபவத்தில் ஒரு காரணம் சினிமா. கவுண்டமணி - செந்தில் நகைச்சுவை 80களிலும் 90களிலும் எந்த அளவுக்கு வீட்டுக்குள் வந்திருந்தது என்று அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். 1989இல் கரகாட்டக்காரன் வந்தபிறகு பள்ளியில் என்னைப் பார்த்து வாழைப்பழம் எங்கே என்று கேட்காத ஆள் இல்லை. வாத்தியார் பேரைச் சொல்லி எழுப்பினாலே பின் வரிசையில் ‘அதாண்ணே இது’ என்று ஒரு குரல் வரும். எனக்கு அப்போது அழுகையே வந்திருக்கிறது. இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன், நடிகர் செந்திலுக்குப் பெற்றோர் வைத்த பெயர் முனுசாமி. அவர் திரைக்காகத் தேர்ந்தெடுத்த பெயர் செந்தில். அதாவது அந்த நாளில் அது புதுசாக, எடுப்பாகத் தெரிந்த பெயராக இருந்திருக்கிறது. அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை, அவர் திறமையால் பெயர் ஊரெல்லாம் பரவியது. ஆனால் அந்தக் கேலியைத் தாங்கிய பிள்ளைகள் அப்பாவாகும்போது தங்கள் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கத் தயங்கினார்கள் என்பதும் உண்மை.

கோவை மலர்:
சினிமா ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. செந்தில், முருகேசன், பழனிச்சாமி, செல்வம், குமரேசன் எல்லாமே சேர்ந்துதான் குறைந்திருக்கிறது. இப்போது பெயர் எப்படித் தேடுகிறோம்? நட்சத்திரத்துக்கு இன்ன எழுத்து என்று ஒருவர் எழுதிக் கொடுப்பார், எண்கணிதம் பார்க்கிறவர் கூட்டுத்தொகை சொல்வார், அப்புறம் இணையத்தில் அந்த எழுத்தில் தொடங்குகிற பெயர்களைத் தேடினால் ஷ், ஸ், க்ஷ் நிறைந்த பட்டியல்தான் முதலில் வரும். வேறு யாரும் வைக்காத பெயராக இருக்க வேண்டும் என்பது இன்னொரு ஆசை. எங்கள் அம்மா தலைமுறையில் எல்லோரும் வைத்த பெயர் என்றால் அது பாதுகாப்பான பெயர், இப்போது எல்லோரும் வைத்த பெயர் என்பதே குறையாகிவிட்டது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. 1916இல் வேதாசலம் மறைமலையடிகள் ஆனதிலிருந்து தனித்தமிழ்ப் பெயர் இயக்கம் தொடங்குகிறது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்தப் பெயர்களை வைத்தாலே இன்ன கட்சிக்காரர் வீடு என்று தெரிந்துவிடும். மறுபக்கம் சுப்பிரமணியன், பாலசுப்பிரமணியன் என்றால் பக்தி வீடு. செந்தில் இரண்டு பக்கமும் செல்லுபடியானது. எங்கள் தாத்தா கருப்புச் சட்டை போட்டவர், கோயில் வாசலை மிதிக்காதவர். எங்கள் பாட்டி சஷ்டிக்குச் சஷ்டி பட்டினி கிடப்பவர். என் மாமாவுக்குப் பெயர் வைக்கிறபோது வீட்டில் சண்டை வராமல் இருவரும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் செந்தில்தான் என்று பாட்டி சொல்வார். தாத்தாவுக்கு அது தூய தமிழ், சங்க இலக்கியத்தில் இருக்கிறது. பாட்டிக்கு அது முருகன். இப்படி இரண்டு தரப்பும் மனசாரக் கூப்பிடக்கூடிய ஆண் பெயர்கள் தமிழில் ரொம்பக் குறைவு. 60களுக்குப் பிறகு இது இவ்வளவு பரவியதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இது மறைந்துபோவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

வடமராட்சியான்:
எங்கட பக்கமும் எழுதிவிடுறன். ஈழத்தில செந்தில்நாதன், செந்தில்குமரன், செந்தில்வேல் எல்லாம் இருக்கு. கவனியுங்கோ, அங்க குமார் மட்டுமில்லை, குமரனும் ஒட்டும். இளம் ஆட்களிடம் கூடக் கேட்கிறது செந்தூரன். இந்தப் பெயர் தமிழ்நாட்டில குறைவு எண்டு நினைக்கிறன். 80கள், 90களில பிறந்த எங்கட பிள்ளைகளுக்கை செந்தூரன், கஜன், சுதன் எண்டு ன் முடிவுப் பெயர்கள் நிறைய. கனடா, லண்டன் போன பிள்ளைகளும் அதையே கொண்டு போனவை.

ஊர்ப் பெயரை ஆளுக்கு வைக்கிறது எங்களுக்கும் பழக்கம்தான். கதிர்காமநாதன், கதிர்காமத்தம்பி எண்டு எத்தினை பேர். வெளிநாட்டு அமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமரின்ர பெயரிலயும் அந்த முருகன் தலம்தான் இருக்கு. செந்தில் மலையகத்திலயும் உண்டு, கிழக்கு மாகாண ஆளுநராக இருந்த செந்தில் தொண்டமானைச் சொல்லலாம். கடல் தாண்டியும் அந்தக் கரையின்ர பெயர் நிலைச்சிருக்கு.

கிள்ளான் வாசகி:
மலேசியாவிலும் என் வயதுக்காரர்களில் செந்தில் உண்டு. பத்துமலையும் தண்டாயுதபாணி கோயில்களும் இருக்கிற நாட்டில் முருகன் பெயருக்குக் குறைவா என்ன. எங்களுக்கு ஒரு வசதி, அடையாள அட்டையில் ‘அனாக் லெலாக்கி’ (மகன்) என்று போட்டு அப்பா பெயர் தனியாக வரும், அதனால் யார் மகன் யார் அப்பா என்று குழப்பம் இல்லை.

நியூஜெர்சித் தமிழன்:
இங்கே அந்தக் குழப்பம் நிறைய. நம் ஊரில் முதலெழுத்தாக இருந்த அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயராக விரிந்துவிடுகிறது. அதனால் செந்தில்குமார் இப்போது குடும்பப் பெயராக மாறிவருகிறது. ஸ்குவாஷ் ஆடுகிற வேலவன் செந்தில்குமாரை விளையாட்டுச் செய்தியில் செந்தில்குமார் என்றே எழுதுகிறார்கள். புதுப் பிள்ளைகளுக்கு யாரும் வைக்காவிட்டாலும் அப்பாக்கள் வழியாக அந்தப் பெயர் இன்னும் ஒரு தலைமுறை வருகைப் பதிவேட்டில் இருக்கும்.

எழுத்துக்கூட்டலைப் பற்றி அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நாம் ஆங்கிலத்தில் ‘தேங்க்ஸ்’ சொல்லில் வருகிற இரண்டு எழுத்தைப் போட்டு எழுதுகிறோம், வெள்ளைக்காரர்கள் நாக்கைப் பல்லிடையில் வைத்துக் காற்று விட்டுத்தான் அதைப் படிப்பார்கள், நம் ந்தி வரவே வராது. பொருளியல் அறிஞர் செந்தில் முல்லைநாதன், 2002இல் மெக்கார்தர் விருது பெற்றவர், ‘தர்மா’ என்று எழுதும்போது முதலில் போடுகிற இரண்டு எழுத்தை அந்த இடத்தில் போடுகிறார். ஹீரோஸ் தொடரில் நடித்த செந்தில் ராமமூர்த்தியும் அப்படியே. இந்த வடிவம் நம் உச்சரிப்புக்கு எவ்வளவோ கிட்டே வரும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பிள்ளைக்கு வைக்கிறதாக இருந்தால் இதைப் பின்பற்றலாம். மற்றபடி இங்கே வாயில் நுழையாத பெயர் இல்லை இது, இரண்டே அசை. ழகரமும் இல்லை, ணகரமும் இல்லை. பாகுபலி, ஆர்ஆர்ஆர் ஒளிப்பதிவாளர் கே.கே.செந்தில்குமார் பெயரை என்னோடு வேலை பார்க்கிற தெலுங்குக்காரர்கள் சிரமமில்லாமல் சொல்கிறார்கள்.

உடன்குடிக்காரன்:
ஊர்ப் பெயரை ஆளுக்கு வைப்பது பற்றி வடமராட்சியான் எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று ஞாபகம் வந்தது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்து சண்முகர் விக்கிரகத்தைக் கப்பலில் கொண்டுபோனபோது புயல் வந்து கடலில் போட்டார்கள் என்றும், அதைத் தேடி எடுத்துவந்தவர் வடமலையப்ப பிள்ளை என்றும் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வடமலை என்றால் திருப்பதி. திருப்பதிப் பெயர் கொண்ட ஒருவர் செந்தில் சாமியை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஊர்ப் பெயரை ஆளுக்கு வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் எவ்வளவு வேரோடியது என்பதற்காகச் சொன்னேன்.

கரிசல்காடு:
எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கடைசியாக நடைமுறைக் கேள்வி ஒன்று. என் தம்பி சான்றிதழில் செந்தில்குமார். குமாரை எடுத்துவிட்டு வெறும் செந்தில் என்று மாற்ற ஆசைப்படுகிறான், முடியுமா? அப்புறம் என் மைத்துனிக்குப் பையன் பிறந்திருக்கிறான், செந்தில் என்று வைக்கலாமா வேறு வைக்கலாமா என்று இன்னும் பேசி முடியவில்லை. பெயர் இல்லாமலே பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார்கள், அவசரமாக முடிவு செய்ய வேண்டுமா?

பதிவறை:
இரண்டுக்கும் வழி இருக்கிறது. தம்பி அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டும். அதற்கான படிவம் எழுதுபொருள் அச்சுத்துறையில் கிடைக்கும், இணையத்திலும் எடுக்கலாம். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே மாதிரி எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டல் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஆதார், பான், வங்கி எல்லாம் அதை வைத்துத்தான் திருத்துவார்கள். அரசிதழ்ப் பிரதி வந்ததும் நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குழந்தைக்கு அவசரம் இல்லை. பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை அப்புறம் நினைத்தபடி மாற்ற முடியாது. அதனால் குமார் வேண்டுமா வேண்டாமா, முதலெழுத்து முன்னாலா பின்னாலா என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டு, ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கணினியில் ஏற்றியதும் அச்சிடும் முன் திரையைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள், செந்தில் பல இடத்தில் செந்தில்லாகவும் சென்தில்லாகவும் ஏறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.